வண்ணார்பண்ணை நாற்சார் வீடு: திருத்துறதா, இடிக்கிறதா?

வண்ணைமூத்தவள் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில அம்மாவின்ர முதுசக் காணி (வழிவழியா வந்தது), 4 பரப்பு (கால் ஏக்கரளவு), ரோட்டுக்கரை. அதில நடுவில முற்றம் வைச்சு நாலு பக்கமும் கட்டின நாற்சார் வீடு ஒண்டு நிக்குது. பங்கு மூண்டு பேருக்கு: நான், ரொறன்ரோவில தங்கச்சி, கொழும்பில தம்பி. தங்கச்சிக்கு இடிச்சுப்போட்டு ரெண்டு மாடி கட்டி வாடகைக்கு விடவேணும். தம்பி சொல்றான் இது பாரம்பரியச் சொத்து, தொல்லியல் திணைக்களம் பொறுப்பெடுக்கும், கை வைக்கக் கூடாதெண்டு. ஆளுக்கொரு பக்கம் இழுக்கினம். நான் நடுவில.

வீட்டைப் பற்றி: கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைச்சுக் கட்டின 18 அங்குலச் சுவர். முற்றம் 14 அடிக்கு 12 அடி, சுத்தி எட்டு மரத்தூண். முன்னுக்குத் திண்ணையும் சங்கடப்படலையும் (கூரை போட்ட வாசல் படலை). கூரையின்ர சாய்வு மரமான கைமரம், அதுக்கு மேல ஓடு தாங்கிற சிலாகை எல்லாம் பனை. 2004இல முன்பக்கச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசினது. இப்ப மூண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயருது. தென்மேற்கு மூலையில கூரை இறங்கியிருக்கு. நடைக் கதவுக்கு மேல சாய்வா ஒரு வெடிப்பு. ஓட்டுக்கு அடியில 1865 எண்டு அச்சுக் கிடக்கு, அப்ப 160 வருசமோ?

கொந்திறாத்துக்காரர் (கட்டட ஒப்பந்தக்காரர்) வந்து பார்த்திட்டு, “சீமெந்து இல்லாத சுவர், நிக்காது, இடியுங்கோ” எண்டார். உண்மையோ? எதைப் பார்த்து முடிவெடுக்கிறது?

தீராந்தி பதில்:

அக்கா, முதல்ல அந்த 1865. மங்களூரில பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை துவங்கின வருசம் அது. அடுத்தடுத்த காலத்தில செய்த ஓட்டிலயும் அதே அச்சுத்தான். 1868 எண்டு கிடந்தால் அல்புக்கேர்க் கம்பனி. உங்கட ஓடு 1910இல கப்பலில வந்திருந்தாலும் 1865 எண்டுதான் இருக்கும். அதோட கூரை இடையில ஒருக்கா மாத்தியும் இருக்கலாம், முந்திப் பீலி ஓடோ (அரைவட்ட ஓடு) ஓலையோ ஆர் கண்டது. வீட்டின்ர வயசைக் காட்டுறது பழைய உறுதியில (காணிப் பத்திரத்தில) சொத்தை விவரிக்கிற அட்டவணை. காணிப் பதிவகத்தில பதிவுப் பிரதி எடுத்து, “அதிலுள்ள கல்வீடும் கிணறும்” எண்ட சொல் எந்த உறுதியில முதன்முதல் வருகுதெண்டு பின்னோக்கிப் பாருங்கோ. அதுக்கு முந்தின உறுதியில வெறும் வளவு எண்டோ மண்வீடு எண்டோ கிடந்தால் ரெண்டுக்கும் இடையில கட்டினதுதான்.

இனிக் கூரை. நாற்சார் வீட்டை அழிக்கிறது முற்றத்துப் பக்கத்து நாலு உள்மூலையும்தான். ரெண்டு பக்கத் தண்ணியும் சேர்ந்து ஒரு தகரப் பீலியில இறங்கும். தகரம் ஊசிமுனையளவு ஓட்டையானாலும் தண்ணி நேரா மூலைக் கைமரத்தின்ர காலுக்குப் போகும், அங்கயிருந்து கைமரம் குந்துற வளைக்கு, வளையில இருந்து சுவர்த் தலைக்கு. உங்கட தென்மேற்கு மூலைக் கதையும் அநேகமா இதுதான்.

ஏணி வைச்சு ஏறி, பழைய திருப்புளி ஒண்டால ஒவ்வொரு கைமரத்தின்ர காலிலயும் குத்துங்கோ. பனையின்ர வெளி வைரம் கறுப்பா, இறுக்கமா இருக்கும். கால் அங்குலத்துக்கு மேல இலகுவாப் போனால் அந்த முனை போச்சு. நடுவில தட்டினால் டப்பெண்டு வெறுஞ்சத்தம் கேட்டால் உள்ள கறையான். எண்ணிக்கையை எழுதி வையுங்கோ: மொத்தம் எத்தனை, கால் மட்டும் பழுது எத்தனை, முழுசாப் பழுது எத்தனை. கால் மட்டும் பழுதானதை மாத்தத் தேவையில்லை. உக்கினதை வெட்டிப்போட்டு, ரெண்டு பக்கமும் நல்ல மரத்துண்டு வைச்சு, நல்ல பகுதிக்குள்ள ரெண்டடி ஏத்தி 12 மி.மீ. போல்ற் ரெண்டு போட்டால் போதும்.

அதைவிட முக்கியம் தீராந்தி. சுவருக்குச் சுவர் குறுக்க ஓடுற அந்த மரம்தான் கைமரம் சுவரை வெளிய தள்ளாமப் பிடிச்சிருக்கிறது. சில வீடுகளில மின்விசிறி பூட்ட, அலுமாரி ஏத்த எண்டு அதை அறுத்து விட்டிருக்கினம். அப்பிடி நடந்திருந்தால் சுவர் வெளிப்பக்கம் சாயத் துவங்கும், பழி சுண்ணாம்பில விழும். சுவருக்குள்ள செருகின முனையைச் சுரண்டிப் பாருங்கோ. அங்கதான் காத்துப் படாமல் உக்கும்.

ஓடு கழட்டேக்க ஒரு பக்கத்தை முழுக்கக் கழட்டிப்போட்டு மற்றப் பக்கத்துக்குப் போகக் கூடாது. ரெண்டு பக்கமும் சமனா, வரிசை வரிசையா இறக்கவேணும். இல்லாட்டிப் பாரம் ஒருபக்கமாகிச் சட்டம் முறுகும். சதுர மீற்றருக்கு 15 ஓட்டளவில் வரும், ஒவ்வொண்டும் இரண்டு கிலோவுக்கு மேல. ஒவ்வொண்டையும் விரலால சுண்டுங்கோ. கணீரெண்டால் திரும்பப் போடலாம்.

சாந்துக்கரண்டி பதில்:

கொந்திறாத்துக்காரர் சொன்னது பிழை. 18 அங்குலக் கல்சுவருக்கு ஓட்டுக் கூரை ஒரு பாரமே இல்லை. சுண்ணாம்புச் சாந்து சீமெந்தளவு வன்மை இல்லைத்தான், ஆனால் இந்தச் சுவருக்கு அவ்வளவு வன்மை தேவையில்லை. தேவை மூச்சு விடுகிற தன்மை. 2004 பூச்சு அதைத்தான் அடைத்தது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சென்றால் ஓரடி, ஒன்றரை அடியிலேயே வெளியில் உலர்ந்துவிடும். சீமெந்து மூடியதும் வழி தேடி மூன்றடிக்கு ஏறுகிறது. எங்கள் நிலத்தடி நீரில் உப்பும் இருக்கிறது. அது பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையும் கல்லின் மேல்தோலையும் சேர்த்துத் தள்ளுகிறது. மேலே இன்னொரு சீமெந்துப் பூச்சுப் பூசினால் அடுத்த உப்புக்கோடு ஐந்தடியில் வரும்.

இன்னொன்றையும் பாருங்கள்: ரோட்டுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் மட்டம் ஏறுகிறது. வெளி நிலம் உள் நிலத்தைவிட உயரமாகி விட்டதா? அப்படியென்றால் சுவரோரம் மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் வேறு பக்கம் ஓட வழி செய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது.

சுவரில் அளக்க வேண்டியவை. தூக்குக்குண்டு கட்டி நாலு பக்கமும் சாய்வை எடுங்கள். 18 அங்குலச் சுவர் உச்சியில் ஒன்று, ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தால் கவலையில்லை. 3 அங்குலத்தைத் தாண்டினால், அதாவது தடிப்பில் ஆறில் ஒரு பங்கு, கட்டமைப்புப் பொறியியலாளர் பார்க்காமல் கூரையில் கை வைக்க வேண்டாம். சாய்வைவிட மோசம் வயிறு தள்ளுவது. இந்தச் சுவர்கள் பெரும்பாலும் இரண்டு முகமும் நடுவில் துண்டுக்கல்லும் நிரப்பியவை. சில இடங்களில் நடுவில் வெறும் மண். கூரைத் தண்ணீர் மேலிருந்து இறங்கினால் நடு நிரப்பு கரைந்து கீழே அமர்ந்து, முகம் இரண்டும் பிரியும். சுத்தியலால் தட்டுங்கள். வெறுஞ்சத்தமும் வயிறும் ஒரே இடத்தில் என்றால் அந்தத் துண்டைக் கழற்றித்தான் கட்ட வேண்டும்.

நடைக் கதவுக்கு மேலுள்ள சாய்வு வெடிப்பு அநேகமாக நிலைக்கு மேல் கிடக்கும் மரம் உக்கியதால் வந்தது. வெடிப்புக்கு இரு பக்கமும் ஆணி அடித்து, ஆணிகளுக்கிடையே உள்ள தூரத்தை வேர்ணியர் அளவியால் அளந்து திகதியோடு எழுதுங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை, மாதம் ஒருமுறை. அசையாத 5 மி.மீ. வெடிப்பு பழங்கதை, மாதாமாதம் அகலும் 2 மி.மீ. வெடிப்புத்தான் ஆபத்து.

திருத்துவதென்றால் பூச்சுக் கணக்கு: 100 சதுர அடிக்கு முக்கால் அங்குலம் என்றால் ஆறேகால் கன அடி மணலும் சுமார் இரண்டு கன அடி சுண்ணாம்புக் களியும். அதையும் ஒரே தரத்தில் பூசக் கூடாது, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் இரண்டு தடவை. சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போட்டு நீற்ற வேண்டும், சுண்ணாம்புக்கு மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும். நீற்றியதைத் தண்ணீர் மூடியபடி குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பை நீங்களே கொண்டுவந்து பூசுவதாகிவிடும். பூசிய பின் ஒரு கிழமை நேர்வெயில் படாமல் சாக்குத் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்து வையுங்கள். மேலே எமல்ஷன் அடித்தால் பட்டதெல்லாம் வீண், சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள்.

அத்தோடு, சுவர்த் தலையில் கொங்கிறீற் வளையம் போடச் சொல்லி யாராவது வருவார்கள். விடாதீர்கள். இறுகிய பாரமான பட்டி ஒன்று மெத்தையான சுவரில் அமர்ந்தால் அதற்கடியில் கிடையாக வெடிக்கும்.

உறுதிக்கட்டு பதில்:

தம்பியின் நம்பிக்கையைப் பற்றி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் எல்லைக்கோடு 1815 மார்ச் 2. அதற்கு முந்தியதே அச்சட்டத்தின்படி புராதனச் சின்னம். பிந்திய கட்டடத்தையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம், ஆனால் அறிவிக்கும் வரை அது உங்கள் வீடுதான், முடிவும் உங்களுடையதுதான். அறிவித்தாலும் உரிமை உங்களிடமே இருக்கும். மாற்றம் செய்ய அனுமதி வேண்டும் என்பதே வித்தியாசம். திணைக்களம் கூரை மேய்ந்து தரும் என்று எண்ணிக் காத்திருப்பது தவறு. நல்லூர் மந்திரி மனை பாதுகாக்கப்பட்ட சின்னம். 2025இல் மழையோடு அதன் ஒரு பகுதி விழுந்தது. காகிதம் ஒழுக்கை நிறுத்தாது. எனினும் திணைக்களத்தின் யாழ் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதில் வாங்கி வையுங்கள், பின்னால் தலையிடி குறையும்.

தங்கச்சியின் திட்டத்துக்கு ஒரு கேள்வி: வீதிக்கோடு, அதாவது வீதி அகலிப்புக்கு ஒதுக்கிய எல்லை, எங்கே விழுகிறது? பழைய வீடுகள் ரோட்டோடு ஒட்டிக் கட்டியவை. இருக்கும் வரை இருக்கலாம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வரைபடம் கொடுக்கும்போது மாநகர சபை வீதிக்கோடும் கட்டட எல்லையும் பார்க்கும். முன்பக்கத்தை விட்டுத்தான் கட்ட வேண்டிவரும், பின்பக்கமும் வெளி விடவேண்டும், வாகனத் தரிப்பிடமும் கேட்பார்கள். ஆகவே இடிக்க முதல் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்து, அதை நில அளவையாளரின் வரைபடத்தில் போட்டு, மிஞ்சும் நிலத்தில் எத்தனை சதுர அடி வரும் என்று கணக்குப் பாருங்கள். பலருடைய இரண்டு மாடிக் கனவு இந்தக் கோட்டில்தான் குறுகுகிறது.

கடைசியாக, பிரிக்காத பங்குக் காணியில் ஒருவர் தன் எண்ணத்துக்கு இடிக்க முடியாது, பெரிய மாற்றமும் செய்ய முடியாது. மூவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தங்கச்சி தன் சார்பில் செயற்பட இங்கே ஒருவருக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் கனடாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தப்பட்டு இங்கே பதியப்பட வேண்டும். ஒத்துவராவிட்டால் 1977இன் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. அது முடிவதற்குள் கூரை தானாகவே முடிவெடுத்துவிடும். யாராவது பங்கை வெளியாளுக்கு விற்க நினைத்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளருக்கு முன்விலை உரிமை (முதலில் வாங்கும் உரிமை) உண்டு, அறிவிக்காமல் விற்றால் வழக்கு நிச்சயம்.

பரப்புக்கணக்கு பதில்:

எல்லாரும் காப்பாத்தச் சொல்லினம், நான் மற்றப் பக்கம் கதைக்கிறன். பழசு எண்டதுக்காக ஒரு வீட்டை வைச்சிருக்கத் தேவையில்லை. கேக்கவேண்டியது வேற. இந்த மாதிரி எத்தனை மிச்சம்? போர்க்காலத்து 1995 இடப்பெயர்வு, இராணுவத்தின்ர உயர்பாதுகாப்பு வலயம் எல்லாத்துக்கும் பிறகு நாற்சார் அமைப்புக் குலையாமல் நிக்கிற வீடு குறைவு, அதால உங்கட முற்றத்துக்கும் தூணுக்கும் பெறுமதி இருக்கு. ஆனால் முற்றத்தைத் தகரத்தால மூடி, தூணை வித்து, திண்ணையை அடைச்சுக் கடை போட்ட வீடெண்டால் மிஞ்சினது பழைய கல் மட்டும்தான். அதைக் கட்டிப் பிடிச்சு அழவேண்டாம்.

மலாயாவில உத்தியோகம் பார்த்தவையின்ர பென்சன் காசில கட்டின வீடுகள் கன இடத்தில இருக்கு; நல்ல தேக்குக் கதவு, நிறக் கண்ணாடி. வடிவுதான், ஆனால் ஒவ்வொண்டும் அருஞ்சொத்தில்லை. சங்கடப்படலை இப்ப அருமை. உங்கட வீட்டில அது பழைய மரத்தோட நிண்டால், முன்பகுதிக்கு மட்டுமாவது நான் இடிக்கிறதுக்குக் கை தூக்க மாட்டன்.

முழு வீட்டுக்கும் ஒரே தீர்ப்பு எதுக்கு? பகுதி பகுதியாப் பாருங்கோ. பின்னால குசினிப் பத்தி (சமையலறைப் பகுதி) எண்டால் அநேகமா வேற காலத்தில, வேற கையால கட்டினதா இருக்கும்.

இடிக்கிறதெண்டாலும் ஒழுங்கிருக்கு. முதல் 1:50 அளவில வரைபடம், அளவுகோல் வைச்சுப் படம், தூணுக்கும் கதவுக்கும் இலக்கம். ஒரு பிரதியை ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கிற நூலக நிறுவனத்துக்குக் குடுங்கோ, எண்ணிமத்தில கிடக்கும். பிறகு ஓடு, சிலாகை, கைமரம், தீராந்தி, அதுக்குப் பிறகுதான் சுவர். தீராந்தியைக் கைமரத்துக்கு முதல் எடுத்தால் ஆள் சாகும். கதவு நிலையை வாங்க வாற ஆள் முதல் நாளே கேப்பார். மேல சுவர் நிக்கேக்க நிலையைக் கழட்டக் கூடாது. கல்லை வித்திடாதேங்கோ. முருகைக்கல் புதுசா எடுக்கத் தடை, பழைய கல்தான் திருத்த வேலைக்குக் கிடைக்கும்.

வண்ணைமூத்தவள்:

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தம். முன் சுவர் சாய்வு ஒண்டேகால் அங்குலம். மேற்குப் பக்கம் 26 கைமரத்தில 9இன்ர கால் மட்டும் பழுது, 2 முழுசாப் போச்சு. நாலு தீராந்தியில ரெண்டின்ர முனை உக்கியிருக்கு, மேற்குச் சுவருக்குள்ள போற முனைகள். தூண் எட்டும் நல்லம். குசினிப் பத்திச் சுவர் வயிறு தள்ளி, தட்ட வெறுஞ்சத்தம், உள்ள மண். வெளி நிலம் உள்நிலத்தைவிட 3 அங்குலம் உயரம். உறுதியில “கல்வீடு” முதன்முதல் 1911இல. வீதிக்கோடு திண்ணையையும் சங்கடப்படலையையும் தாண்டி, முன் அறைக்குள்ள வருகுது. தங்கச்சி இதைக் கேட்டிட்டுக் கொஞ்சம் யோசிக்கிறாள். பின்பக்கம் குளியலறையோட ரெண்டு அறை கட்டினால் வாடகைக்கு விடலாமோ எண்டு கேக்கிறாள்.

சாந்துக்கரண்டி:

இந்த எண்களுக்கு முன்வீட்டையும் முற்றத்தையும் இடிக்கக் காரணமே இல்லை. குசினிப் பத்தியை இறக்குங்கள், அந்தக் கல் முன் சுவர்த் திருத்தத்துக்கு உதவும்.

பின்னால் கட்டுவதென்றால் பழைய சுவரோடு ஒட்ட வேண்டாம். நாலடி இடைவெளி விடுங்கள், நடுவில் ஒரு சாய்ப்புப் போட்டால் நனையாமல் போய்வரலாம். ஒட்டினால் புதிய அத்திவாரமும் பழையதும் வேறுவேறாக இறங்கி, சந்தில் வெடிக்கும். வண்ணார்பண்ணையில் கொஞ்சம் கிண்டினாலே பாறை வரும். அதை உடைக்கப் பெரிய யந்திரம் விடாதீர்கள், அதிர்வு பழைய சுவரின் நிரப்பைத் தளர்த்தும். உளியும் கையும் போதும். மலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையக் கூடாது, பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல் நிலம், அழுக்கு வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். கசியாத தொட்டி கட்டுவதே நல்லது.

தீராந்தி:

ரெண்டு தீராந்தியும்தான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. கூரையைக் கழட்டாமலே செய்யலாம்: கீழ முட்டுக்கொடுத்துப் பாரத்தைத் தூக்கி, உக்கின முனையை வெட்டி, ரெண்டு பக்கமும் இரும்புத் தட்டு வைச்சுப் புது வைர மரத்துண்டை இணையுங்கோ. சுவருக்குள்ள போற முனையைச் சுத்தி ஒரு அங்குலம் காத்து இடைவெளி விடவேணும், சீமெந்து வைச்சு அடைக்க வேண்டாம். பனை வெட்டுறதெண்டால் பிரதேச செயலகத்தில அனுமதி எடுக்கவேணும், ஏத்தி வரவும் கடுதாசி வேணும். அதால இடிச்ச வீட்டுப் பழைய மரம் விசாரிச்சுப் பாருங்கோ, காய்ஞ்சும் இருக்கும்.

உள்மூலைப் பீலி நாலையும் ஒரேயடியா மாத்துங்கோ. தகடு 18 அங்குல அகலத்துக்குக் குறையாமல், ரெண்டு விளிம்பும் ஒரு அங்குலம் மடிச்சு நிமித்தி. ஓடுகளைத் தகட்டுக்கு மேல நாலங்குலம் ஏத்தி வெட்டுங்கோ. முற்றத்துத் தண்ணி போற தூம்பையும் ஒரு வாளி ஊத்திப் பாருங்கோ, கனக்க வீட்டில அது மண்ணடைச்சுக் கிடக்கும்.

ஐப்பசிக்கு முந்தி மரவேலை முடியாட்டி, தென்மேற்கு மூலைக்கு மட்டுமாவது படங்கு (தார்ப்பாய்) போடுங்கோ. ஓட்டுக்கு மேல விரிச்சுக் கல் வைக்கக் கூடாது, காத்துக்குப் படங்கு அடிச்சு ஓட்டையும் உடைக்கும். ஓட்டைக் கழட்டி அடுக்கிப்போட்டு, சிலாகையில நேரா விரிச்சு, முகட்டைத் தாண்டி மற்றப் பக்கம் ரெண்டடி மடிச்சுக் கட்டுங்கோ.

வண்ணைமூத்தவள்:

சரி அண்ணை. தம்பி அடுத்த கிழமை வாறான், தூம்பையும் மூலையையும் அவனோட ஏறிப் பார்க்கிறம். தங்கச்சியிட்ட அற்றோணித் தத்துவத்துக்குச் சொல்லியிருக்கு.